இலையுதிர்காலத்தில் இருவராக: மலைநடை, ஓட்டம், சைக்கிள் – புதிதாகத் தொடங்குவோருக்கு

உடற்பயிற்சியைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் புத்தாண்டுக்கோ கோடைக்கோ நாள் குறிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இலையுதிர்காலம்தான் தோதான பருவம். ஓடும்போதும் பெடல் மிதிக்கும்போதும் தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளிவருகிறது. வெயில் காலத்தில் அந்தச் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியேற்ற இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். காற்று 10 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கிவிட்டால் அந்தச் சுமை குறைகிறது. பெர்லின், சிகாகோ, நியூயார்க் மாரத்தான்கள் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில்தான் நடக்கின்றன. கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டம் 42.195 கி.மீ. தூரத்தை 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தது 2023 அக்டோபரில், சிகாகோவில். நமக்குச் சாதனை வேண்டாம். ஆகஸ்டில் மூச்சுமுட்டிய அதே 3 கி.மீ. அக்டோபரில் லேசாகத் தெரியும், அது போதும்.

ஆனால் கணவனும் மனைவியுமாகப் போகும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. இருவருக்கும் ஒரே வேகம் அமைவது அபூர்வம். ஒருவர் ஏற்கெனவே ஓடிப் பழகியவராக இருப்பார், மற்றவருக்குப் படியேறினாலே மூச்சு வாங்கும். மலையில் வேகமானவர் சைக்கிளில் பின்தங்குவதும் உண்டு. இதை யாருடைய குறையாகவும் பார்க்காமல், பாதையையும் நேரத்தையும் வண்டியையும் உடையையும் வைத்துச் சரிசெய்ய வேண்டிய ஏற்பாட்டு வேலையாக எடுத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது. கீழே சொல்லியிருப்பவை பெரும்பாலும் அந்த ஏற்பாடுகள்தான்.

1. எந்த மாதிரி நாள் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்

சேர்ந்து போவதில் மூன்று வகை உண்டு. முதல் வகை, ஆரம்பம் முதல் கடைசிவரை பக்கத்துப் பக்கமாக. இரண்டாவது, ஒன்றாகக் கிளம்பி அவரவர் வேகத்தில் போய், சொல்லிவைத்த இடங்களில் சந்திப்பது. மூன்றாவது, ஒரே இடத்துக்குப் போய் ஒருவர் ஓட மற்றவர் நடப்பது; திரும்பும் பயணம் மட்டும் சேர்ந்து. மூன்றிலும் தவறில்லை. ஒருவர் மனத்தில் முதல் வகையும் இன்னொருவர் மனத்தில் இரண்டாவது வகையும் இருந்து, அதைப் பேசாமலே கிளம்புவதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. "இன்னிக்கு ஒண்ணாவே போறோமா, இல்ல உன் வேகத்துல போறியா?" என்று ஷூ மாட்டும்போதே கேட்டுவிடுங்கள்.

முதல் வகைக்கு ஒரே விதி: மெதுவானவர் வேகம்தான் இருவரின் வேகமும். வேகமானவருக்கு உடம்பை முறுக்கிப் பார்க்க ஆசை இருந்தால் வாரத்தில் வேறொரு நாள் தனியாகப் போகட்டும். சேர்ந்து போகும் நாளிலேயே தன் பயிற்சியையும் முடித்துக்கொள்ளப் பார்ப்பவர் இரண்டையும் கெடுத்துக்கொள்வார்.

2. வெளிச்சத்தைக் கணக்கு வையுங்கள்

கோடையில் பழகியவர்களை இந்தப் பருவம் ஏமாற்றுவது இருட்டில்தான். செப்டம்பர் 22 அல்லது 23-இல் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். (தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு இலையுதிர்காலம் தொடங்கும் அந்தச் சமநாள் மார்ச் 20 வாக்கில் வரும். கீழே சொல்லும் மாதங்களை ஆறு மாதம் தள்ளிப் படித்துக்கொள்ளலாம்.) அந்தச் சமநாளை ஒட்டித்தான் பகல் மிக வேகமாகச் சுருங்குகிறது. 50 பாகை அட்சரேகைப் பக்கம் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட நான்கு நிமிடம், அதாவது வாரத்துக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று வாரம் முன்பு வெளிச்சத்தோடு முடித்த அதே பாதையில் இன்று கடைசி முக்கால் மணி நேரம் இருட்டில் நடக்க நேரலாம். கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் நாடுகளில் அது இன்னும் திடீரென்று வரும்: ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் நவம்பர் முதல் ஞாயிறு. அன்று முதல் மாலை ஒரு மணி நேரம் முன்னதாகவே இருட்டிவிடும். மாலை ஓட்டத்தை அந்த வாரத்திலிருந்து காலைக்கோ மதிய இடைவேளைக்கோ மாற்றிவிடுவது நல்லது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். அன்றைய சூரிய மறைவு நேரத்தைப் பாருங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்துசேர வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் 'திரும்பும் நேரம்' ஒன்றை முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்ததும் உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால் மலையில் நின்று விவாதிக்க வேண்டியதில்லை. கூடவே ஆளுக்கொரு நெற்றி விளக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று என்பது போதாது. பின்னால் வருபவர் காலடியில் முன்னால் போகிறவரின் நிழல்தான் விழும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், போனுக்கும் அதே கதைதான், எனவே போனைப் பையின் வெளிப்புறத்தில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வையுங்கள்.

இலை நிறம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அதற்கும் ஒரு வரிசை உண்டு. நிறம் மலை உச்சியிலிருந்து அடிவாரத்துக்கும், வடக்கிலிருந்து தெற்குக்கும் மெல்ல இறங்கும். பகல் குறைந்து குளிர் ஏறும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளித்தெரிகின்றன. சிவப்பு மட்டும் வேறு சங்கதி. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைப் பல மரங்கள் இலையுதிர்காலத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன. வெயிலடிக்கும் பகலும், உறைபனி தொடாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். ஒரு வாரம் தவறவிட்டால் கவலை வேண்டாம், இன்னும் கொஞ்சம் தாழ்வான பாதையைத் தேர்ந்தெடுங்கள். பெருங்காற்றோடு மழை அடித்துவிட்டால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை.

3. உடை

இங்கே பணத்தைக் கொட்ட வேண்டாம். மூன்று அடுக்கு போதும்: வியர்வையை இழுத்து வெளியேற்றும் உள்சட்டை (பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி), சூட்டைப் பிடித்துவைக்கும் ஃப்ளீஸ் மாதிரி ஒன்று, காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி காயாமல் உடம்போடு ஒட்டி, சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

ஓட்டத்துக்கு ஒரு எளிய வழி இருக்கிறது: வெளியே இருப்பதைவிட 10 டிகிரி கூடுதல் என்று நினைத்து உடுத்துங்கள். வெளியே 8 என்றால் 18 டிகிரிக்கு என்ன போடுவீர்களோ அது. முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும்; குளிரவில்லை என்றால் அதிகம் போட்டிருக்கிறீர்கள். மலைநடையில் நேர்மாறு. நின்று நின்று போவதால் ஒரு அடுக்கு கூடவே இருக்கட்டும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளில் எதிர்க்காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள். 5 டிகிரியில் 20 கி.மீ. வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு அது 1 டிகிரி போலத் தெரியும். முதலில் மரத்துப்போவது விரல்கள், மரத்த விரலால் பிரேக் சரியாகப் பிடிக்க முடியாது. கையுறைக்குத்தான் முதலிடம், மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரே வீட்டில் இருவருக்கும் ஒரே குளிர் என்று நினைக்காதீர்கள். வேகமானவர் மெதுவாகப் போகும்போது அவர் உடம்பு சூடேறாது, ஆகவே அவருக்குத்தான் கூடுதல் அடுக்கு தேவை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

4. மலைநடை

இருவராகத் தொடங்க எளிதான வழி இதுதான். பேசிக்கொண்டே போகலாம், உபகரணம் குறைவு, தோற்றுப்போவது என்று ஒன்று இல்லை.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கி.மீ. பாதையில் 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம். இது பழகியவர்கள் நிற்காமல் நடக்கும் கணக்கு. புதியவர்கள், அதிலும் படம் எடுக்கிறவர்கள், குறைந்தது ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக நான்கு மணி நேரம். மாலை 6 மணிக்குச் சூரியன் மறையும் நாளில் 5 மணிக்குள் கீழே வர வேண்டும் என்றால் பகல் 1 மணிக்குப் பிறகு கிளம்பவே கூடாது. 11 மணிக்கே கிளம்பினால் நிம்மதி. முதல் நடைக்கு இந்தப் பாதையே அதிகம், 5 கி.மீ., 150 மீட்டர் ஏற்றம் என்று ஆரம்பியுங்கள்.

யார் முன்னால் போவது? மெதுவானவர். இது மரியாதைக்காக அல்ல. பின்னால் வருபவர் எப்போதும் தன் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் நடப்பார், ஏனென்றால் முன்னால் தெரியும் முதுகு இழுத்துக்கொண்டே இருக்கும். வேகமானவர் முன்னால் போனால் இன்னொன்றும் நடக்கும்: அவர் மேட்டில் ஏறி நின்று பத்து நிமிடம் இளைப்பாறுவார், மற்றவர் மூச்சுவாங்கி வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாமா?" என்பார். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. முன்னால் போயே ஆக வேண்டும் என்றால், பின்னவர் வந்து சேர்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் கண்டிப்பாக நின்று காத்திருங்கள். இருவர் தொலைவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான். வரைபடத்தை இருவர் போனிலும் இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கிவைத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

வேர், கல், குழி எல்லாவற்றையும் உதிர்ந்த இலை மூடிவிடும். மேலே காய்ந்து தெரியும் இலைக்குக் கீழே வழுக்கும் ஈர அடுக்கு இருக்கும். இறக்கத்தில் அடியைச் சின்னதாக வைத்து, முழங்காலை லேசாக மடக்கி இறங்குங்கள். இரண்டு நடைக்கோல்கள் இருந்தால் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளாமல், முழங்கால் வலிக்கிறவரே இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும்.

குளிரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குவதற்குப் பனிக்கட்டி தேவையில்லை. 8 டிகிரி, தூறல், காற்று, நனைந்த சட்டை, களைப்பு – இவ்வளவு சேர்ந்தாலே போதும். அடையாளங்கள்: நிற்காத நடுக்கம், கால் தடுமாறுவது, பேச்சு குழறுவது, ஜிப்பைப் பூட்டக்கூட விரல் ஒத்துழைக்காதது, காரணமில்லாத எரிச்சல் அல்லது மௌனம். பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது, "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார். கூட வருபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். காற்று படாத இடத்துக்கு நகர்த்தி, ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததை உடுத்தி, தலையை மூடி, தெளிவாக விழுங்க முடிந்தால் சூடான இனிப்புப் பானமும் ஏதாவது தின்பண்டமும் கொடுங்கள். அன்றைய நடை அத்தோடு முடிந்தது, கீழே இறங்கிவிடுங்கள். நடுக்கம் நின்றுபோயும் குழப்பம் மிஞ்சியிருந்தால் அது தேறியதன் அறிகுறியல்ல, நிலைமை மோசமாகியிருக்கிறது. உடனே அவசர உதவியை அழையுங்கள். போனில் சிக்னல் இல்லை என்றால் ஆல்ப்ஸ் மலையில் வழங்கும் அபாயக் குறி உதவும்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. நிமிடத்துக்கு மூன்று விசில் கேட்டால் அது பதில். ஆளுக்கொரு விசில், எடை ஒன்றுமில்லை.

மூன்று சிறு விஷயங்கள் இந்தப் பருவத்துக்கே உரியவை. பல நாடுகளில் இது வேட்டைக் காலம். பாதை நுழைவில் அறிவிப்பு இருந்தால் படியுங்கள், பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது அணியுங்கள். கலைமான்கள் இணைசேரும் காலமும் இதுதான். ஆண் மானின் உறுமல் கேட்க அருமையாக இருக்கும், ஆனால் படம் எடுக்க நெருங்காதீர்கள். அப்புறம், கடித்து நோய் பரப்பக்கூடிய உண்ணிகள். குளிர் வந்ததும் அவை ஒழிந்துவிடும் என்பது தப்புக் கணக்கு. உறைநிலைக்கு மேல் வெப்பம் இருக்கும் நாட்களில் அவை இன்னும் நடமாடும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

5. ஓட்டம்

மூன்றில் இதுதான் இருவராகச் செய்யக் கடினமானது. வேக வித்தியாசம் உடனே தெரியும், மறைக்க வழியில்லை. நல்லவேளை, தீர்வுகளும் இதற்குத்தான் அதிகம்.

முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். துணையோடு ஓடுவதால் இதைச் சோதிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு கேள்வி கேட்டால் போதும். இரண்டு இரண்டு சொல்லாகப் பதில் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஓடியே பழக்கமில்லாதவர் இருந்தால் ஓட்டமும் நடையும் மாறி மாறி: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் 20 நிமிடம், வாரம் மூன்று முறை. சில வாரங்களில் ஓட்டத்தை நீட்டி நடையைக் குறைத்துக்கொண்டே வரலாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே இந்த முறையைப் பரவலாக்கினார். இதை வைத்தே மாரத்தான் முடிப்பவர்கள் ஏராளம், ஆகவே நடைக்கு வெட்கப்படத் தேவையில்லை.

வேகம் ரொம்பவே வேறுபட்டால் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. நேரான பாதையில் இருவரும் ஒன்றாகக் கிளம்புங்கள், அவரவர் வேகத்தில். 15 நிமிடம் ஆனதும் எங்கே இருந்தாலும் அங்கேயே திரும்புங்கள். போன வேகத்திலேயே திரும்பி வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்வீர்கள். ஒருவர் 3 கி.மீ. ஓடியிருப்பார், மற்றவர் 5. கடைசி சில நூறு மீட்டரில் மெதுவானவரை வேகமானவர் துரத்துவது போல அமையும். அதில் ஒரு சின்ன விளையாட்டும் இருக்கிறது.

பூங்காவைச் சுற்றி ஓடினால் வேறு வழி: வேகமானவர் அவ்வப்போது திரும்பி வந்து மற்றவரைச் சந்தித்துவிட்டு மறுபடி முன்னால் போகலாம். அல்லது எதிரெதிர்த் திசையில் சுற்றலாம், சுற்றுக்கு இரண்டு முறை முகம் பார்க்கலாம். மேட்டில் ஏறி இறங்கும் பயிற்சியும் பொருந்தும், இருவருக்கும் ஒரே நேரம், தூரம் மட்டும் வேறு. ஒருவர் ஓட இன்னொருவர் சைக்கிளில் கூட வருவது அருமையான ஏற்பாடு. தண்ணீரும் ஜாக்கெட்டும் சைக்கிளில் போய்விடும். சைக்கிளில் இருப்பவருக்கு ஒரே நிபந்தனை: "இன்னும் கொஞ்சம் வேகமா" என்று அங்கிருந்து பயிற்சியாளர் வேலை பார்க்கக் கூடாது. சைக்கிளில் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிரும் என்பதால் கையுறை அவருக்கும் வேண்டும்.

ஈர இலை மேல் திருப்பத்தில் வேகம் வேண்டாம். தார்ச்சாலைக்கான ஷூவோடு காட்டுப்பாதையில் இறங்காமல், அடியில் பற்கள் உள்ள ட்ரெயில் ஷூ வாங்கும்வரை சரளைப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மங்கிய வெளிச்சத்தில் ஓடினால் ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டைகளைக் கணுக்காலில் கட்டுங்கள். அசையும் கால் ஓட்டுநர் கண்ணுக்குச் சட்டெனத் தெரியும். நடைபாதை இல்லாத சாலையில் பக்கத்துப் பக்கமாக ஓடாமல் ஒருவர் பின் ஒருவராக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். இரண்டு காதிலும் பாட்டு கூடாது, அதுவும் துணை கூட வரும்போது!

6. சைக்கிள்

முதலில் சீட் உயரம். குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே தள்ளினால் கால் நேராக நீள வேண்டும். அப்படி இருந்தால் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு கிடைக்கும். துணையின் சைக்கிளைக் கடன் வாங்கி, உயரத்தை மாற்றாமல் 20 கி.மீ. மிதித்துவிட்டு "எனக்கு சைக்கிள் ஒத்துவராது" என்று முடிவு கட்டியவர்கள் நிறைய.

ஈர இலைதான் இந்தப் பருவத்தில் சைக்கிளுக்கு முதல் எதிரி. இலைக்குவியலைத் தவிர்க்க முடியாவிட்டால், அதற்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, குவியலின் மேல் பிரேக்கும் பிடிக்காமல், ஹேண்டிலையும் திருப்பாமல், வண்டியைச் சாய்க்காமல் நேராக உருளவிடுங்கள். குவியலுக்கு அடியில் பள்ளம் இருந்தாலும் தெரியாது. நனைந்த வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், தண்டவாளம் எல்லாமே இதே வகை. தண்டவாளத்தைக் கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். வளையத்தை அழுத்தும் பிரேக் உள்ள வண்டியில் மழை நாளில் முதல் சுற்றுகள் தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும். முன்கூட்டியே லேசாகப் பிடித்து உலர்த்திக்கொள்ளுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பிடிப்பு கூடும், ஆனால் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் குறைந்த அளவுக்குக் கீழே போக வேண்டாம். விடியற்காலையில் பாலங்களிலும் நிழலான வளைவுகளிலும் உறைபனி இருக்கலாம்.

வேக வித்தியாசத்தைச் சமன் செய்ய சைக்கிள் நிறையக் கருவிகள் தருகிறது. சமதளத்தில் வேகம் கூடக் கூட உழைப்பின் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. ஆகவே வலுவானவர் முன்னால் போய்க் காற்றைத் தாங்கினால், பின்னால் வருபவருக்கு மிதிப்பது கணிசமாக லேசாகும். மலைநடைக்குச் சொன்னதற்கு இது நேர்மாறு என்பதைக் கவனியுங்கள். பந்தய வீரர்கள் போல ஒட்டிக்கொண்டு போக வேண்டாம், ஈரச் சாலையில் ஒரு வண்டி நீள இடைவெளியாவது வேண்டும். முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடிக்காமல், பள்ளத்தையும் கிளையையும் கை காட்டிச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் இந்த உபாயம் வேலை செய்யாது. அங்கே அவரவர் வேகத்தில் ஏறி மேலே காத்திருங்கள். சுமையையும் பகிர வேண்டாம், பை முழுக்க வலுவானவர் வண்டியிலேயே போகட்டும். காற்றுத் திசையைப் பார்த்து, போகும்போது எதிர்க்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் அமையும்படி பாதை போடுங்கள். களைத்த பிறகு எதிர்க்காற்றில் திரும்புவதைப் போல மனத்தை உடைப்பது வேறெதுவும் இல்லை.

இத்தனைக்கும் மேலே வித்தியாசம் இருந்தால் ஒருவருக்கு மின்சார சைக்கிள். இதை ஏமாற்று வேலை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண மின்சைக்கிளின் மோட்டார் 250 வாட், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் உதவி நின்றுவிடும், மிதித்தால்தான் ஓடும். குளிரில் பேட்டரி குறைவான தூரமே தரும் என்பதால் அட்டையில் போட்டிருக்கும் தூரத்தை நம்பிப் பாதை போடாதீர்கள். இரட்டைச் சைக்கிள் இன்னொரு வழி. முன்னால் இருப்பவர் கையில்தான் திருப்பமும் பிரேக்கும், பின்னால் இருப்பவர் நம்பி மிதிக்க வேண்டும். "பள்ளம்", "நிறுத்துறேன்" என்று ஒவ்வொன்றையும் முன்னவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். சிலருக்கு இது அமிர்தம், சிலருக்கு ஒரு மணி நேரத்தில் போதும் போதுமென்றாகிவிடும். வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

பஞ்சர் ஒட்டவும் ட்யூப் மாற்றவும் இருவருக்குமே தெரிந்திருக்கட்டும். வீட்டில், வெதுவெதுப்பான அறையில், ஒரு முறை கழற்றி மாட்டிப் பழகுங்கள். மரத்த விரலோடு சாலையோரத்தில் கற்கிற விஷயம் அல்ல அது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பகலிலும் எரியட்டும். தாழ்ந்த வெயில் நேராக ஓட்டுநர் கண்ணில் அடிக்கும் பருவம் இது.

7. வழியில் முகம் சுளித்தால்

பாதிச் சண்டைகளுக்குக் காரணம் பசி, மீதிக்குக் குளிர். எனவே பேச்சு கடுமையானால் முதலில் வாய்க்கு ஏதாவது கொடுங்கள், அடுத்து ஒரு அடுக்கு உடை, அப்புறம் பேசலாம். குளிரில் தாகம் அவ்வளவாகத் தெரியாது என்பதால் தண்ணீரையும் மணி பார்த்துக் குடியுங்கள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று பொய் சொல்லாதீர்கள். இன்னும் 3 கி.மீ. இருந்தால் 3 கி.மீ. என்றே சொல்லுங்கள். ஒரு முறை ஏமாந்தவர் அடுத்த வாரம் உங்கள் வரைபடத்தையே நம்ப மாட்டார். கேட்காமல் நுணுக்கம் சொல்லித் தருவதும் வேண்டாம். பாதுகாப்பு விஷயம் என்றால் உடனே சொல்லுங்கள். ஓடும் தோரணை, கியர் தேர்வு பற்றியெல்லாம் வீட்டுக்கு வந்து, அவர் கேட்டால் மட்டும். "போதும், திரும்பலாம்" என்று சொல்லும் உரிமை இருவருக்கும் சமம். காரணம் கேட்காமல் திரும்புவது என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

8. திரும்பி வந்ததும்

ஈர உடையை முதல் வேலையாக மாற்றுங்கள். ஓட்டம் நின்றதும் உடம்பு உண்டாக்கும் சூடு சட்டெனக் குறையும், வியர்வை மட்டும் அப்படியே இருக்கும். காரில் வந்திருந்தால் உலர்ந்த சட்டையும் சாக்ஸும் காரிலேயே இருக்கட்டும்.

காட்டுப்பக்கம் போயிருந்தால் உண்ணி இருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பாருங்கள்: முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்புப் பட்டை அழுத்தும் இடம், காதுக்குப் பின், முடி தொடங்கும் இடம், முதுகு. தனியாக இருப்பவர்களுக்கு முதுகைப் பார்ப்பதுதான் பெரும்பாடு, உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கடித்திருந்தால் நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்புக் காட்டுவது எல்லாம் வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு ஆபத்து குறைவு. எடுத்த தேதியைக் குறித்துவைத்து, அடுத்த சில வாரங்களில் வட்டமாகப் பரவும் சிவப்போ காய்ச்சலோ தெரிந்தால் மருத்துவரிடம் அந்தத் தேதியையும் சொல்லுங்கள்.

ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், ஹீட்டர் மேல் வைத்தால் பசை விட்டுப்போகும். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். சைக்கிள் சங்கிலியைத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துடைத்தெடுங்கள். விளக்குகளையும் போனையும் சார்ஜில் போடுங்கள். அடுத்த வாரத்துக்கான சூரிய மறைவு நேரத்தைப் பார்த்து, திரும்பும் நேரத்தை அன்றைக்கே குறித்துவிடலாம். இந்த வாரத்தைவிட அது கால் மணி நேரத்துக்குப் பக்கமாக முன்னால் வந்திருக்கும்.